மிச்சத் துணியில் தைத்த போர்வை: நான்கு வருடம் கழித்து

ஒட்டுத்துணிப் போர்வையைத் தைத்து முடித்த அன்றே எல்லோரும் படம் எடுத்துவிடுகிறார்கள். நானும் எடுத்தேன். அந்தப் படத்தில் இருக்கும் போர்வைக்கும் இப்போது என் கட்டிலில் கிடக்கும் போர்வைக்கும் நிறைய வித்தியாசம். நான்கு வருடமாகத் தினமும் போர்த்திக்கொள்கிறோம், மாதம் ஒரு முறையாவது துவைக்கிறோம். இதில் எது தாங்கியது, எது தாங்கவில்லை என்பதைச் சொல்கிறேன்.

அளவு 63 அங்குலத்துக்கு 81. அகலத்தில் 14, நீளத்தில் 18 என மொத்தம் 252 சதுரங்கள். ஒவ்வொன்றையும் 5 அங்குலமாக வெட்டினேன், தைத்த பிறகு நாலரை அங்குலம் நிற்கும். சட்டை, கவுன், திரைச்சீலை, தலையணை உறை என்று வருடக்கணக்கில் தைத்ததில் மிஞ்சிய வெட்டுத்துணிகள்தான் எல்லாம். போதாததற்குப் பழைய சட்டைகள் சிலவற்றையும் வெட்டிச் சேர்த்தேன்.

அந்தக் கடைசி முடிவுதான் தப்பு. இதுவரை 11 சதுரங்கள் கிழிந்திருக்கின்றன. ஒன்றுகூடத் தையல் விட்டுக் கிழியவில்லை, துணியே நைந்துபோனது. 7 சதுரங்கள் பழைய சட்டையிலிருந்து வந்தவை. வெட்டும்போது நன்றாகத்தான் தெரிந்தன. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்திருந்தால் இழை தேய்ந்திருப்பது தெரிந்திருக்கும். மீதி 4 புதுத் துணிதான், ஆனால் சல்லாவைப் போல மெல்லியது. அதற்குப் பக்கத்திலேயே ஜீன்ஸ் துண்டு. துவைக்கும்போது கனமான துணி இழுக்கிற இழுப்பை மெல்லியது தாங்கவில்லை, தையலை ஒட்டியே இழை விலகிவிட்டது.

இதற்காக ஜீன்ஸே கூடாது என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் பகுதிப் பெண்கள், வயலில் உழைத்துத் தேய்ந்த ஜீன்ஸையும் வேலை உடுப்புகளையும் வைத்தே தைத்த போர்வைகள் 2002இல் அருங்காட்சியகச் சுவருக்கே போயின. கனத்தோடு கனத்தைச் சேர்த்தால் பிரச்சினை இல்லை. நான் எதை எதோடு சேர்க்கிறேன் என்று பார்க்காமல், நிறத்தை மட்டும் பார்த்து அடுக்கினேன்.

நிறம் என்றதும் ஒன்று. என்னிடம் இருந்தது பச்சை, மஞ்சள், ஊதா, பூப்போட்டது, கட்டம் போட்டது என்று கலவரமான குவியல். எதற்கு எது பொருந்தும் என்று இரண்டு நாள் தரையில் பரப்பி மாற்றி மாற்றி வைத்தேன், ஒன்றும் சரிப்படவில்லை. அப்புறம் கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பார்த்தேன். எது வெளிர், எது அடர்த்தி என்று பளிச்சென்று பிரிந்தது. வெளிர் ஒன்று, அடர்த்தி ஒன்று என்று மாற்றி வைத்ததும் அந்தக் கலவரம் அடங்கிவிட்டது. இன்று பாதி நிறங்கள் மங்கிவிட்டன, ஆனால் அந்த ஏற்ற இறக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும் என்பதை ஆரம்பத்தில் அலட்சியமாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஒரு தையல் அரைக்கால் அங்குலம் கூடுதலாக விழுங்கினால், ஒரு வரிசையின் 13 தையலுக்கு ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போய்விடும். முதல் மூன்று வரிசைகள் மூன்று நீளத்தில் வந்தன. பிரித்துத் தைத்தேன், வேறு வழி? மிஷினில் ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து ஒரு டேப் ஒட்டிய பிறகுதான் வரிசைகள் ஒத்துவந்தன. பக்கத்து வரிசைகளின் மடிப்புகளை எதிரெதிர்ப் பக்கமாக இஸ்திரி போட்டால் மூலைகள் தானாகவே ஒன்றில் ஒன்று உட்காரும்.

உள்ளே வைத்தது முழுப் பருத்திப் பஞ்சு விரிப்பு. சதுரங்களின் மூலைக்கு மூலை சாய்வாகத் தையல் ஓட்டினேன், கோடுகளுக்கு இடையே மூன்று அங்குலச் சொச்சம். நான்கு வருடத்தில் பஞ்சு எங்கும் கட்டி தட்டவில்லை, நகரவில்லை. முதல் துவைப்பில் 81 அங்குலம் 78 ஆகச் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தில் போர்வை முழுவதும் மெல்லிய நெளிவு விழுந்து, சேராத மூலைகளையெல்லாம் மறைத்துவிட்டது. எனக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம்.

அதே முதல் துவைப்பில் ஒரு சிவப்புத் துண்டு சாயம் விட்டு, சுற்றியிருந்த வெள்ளைகளை இளஞ்சிவப்பாக்கியது. காயவிடாமல் உடனே மறுபடி நிறையத் தண்ணீரில் ஊறப்போட்டதில் பாதி போனது. மீதி அங்கேயே இருக்கிறது. ஈரமாக்கி வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது. இப்போது அடர்சிவப்பு, கருநீலம் இரண்டையும் அப்படிப் பார்க்காமல் வெட்டுவதே இல்லை.

ஓரப்பட்டி முகத்தருகே வரும் பக்கம் தேய்ந்து, மடிப்பில் பிளந்துவிட்டது. இரட்டை மடிப்புப் பட்டி என்பதால் உள்ளே இன்னொரு அடுக்கு தாங்குகிறது. அந்தப் பக்கத்துக்கு மட்டும் அடுத்த வருடம் புதுப் பட்டி வைக்க வேண்டியிருக்கும்.

மிச்சம் தீர்ந்ததா என்று கேட்பவர்களுக்குக் கணக்கு: 252 சதுரங்களுக்கும் சேர்த்துச் செலவானது நான்கு சதுர மீட்டர் சொச்சம். பின்பக்கத்துக்காகக் கடையில் புதிதாக வாங்கிய துணி ஐந்து மீட்டர். அதிலும் மிஞ்சியது. மிச்சத் துணிப் பெட்டி முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் நிறைவாகத்தான் இருக்கிறது.

கிழிந்தவற்றைப் பிரித்து எடுக்கவில்லை. முதலில் வெட்டிய அதே 5 அங்குல அளவுக்கு ஒரு புதுத் துண்டை வெட்டி, நான்கு ஓரமும் கால் அங்குலம் உள்ளே மடித்து, நைந்த சதுரத்தின் மேலேயே வைத்துக் கையால் கண்ணுக்குத் தெரியாத பொடித் தையல் போடுகிறேன். ஒரு சதுரத்துக்கு அரை மணி நேரம். எட்டு முடிந்துவிட்டது. இன்னும் மூன்று பாக்கி, அதில் ஒன்றுக்கு அந்த ஐந்து மீட்டரின் மிச்சத்தையே எடுத்து வைத்திருக்கிறேன்.