குன்னூர் டீத்தூள்: டஸ்ட், பிஓபி, ஓபி – எதை வாங்கலாம்?

குன்னூர் கடைத்தெருவில் உதிரித் தேயிலை விற்கும் கடைகளில் பெரும்பாலும் மூன்று தரம்தான் ஓடும்: டஸ்ட், பிஓபி, ஓபி. விளக்கம் கேட்டால், "ஓபிதான் சார் ஃபர்ஸ்ட் குவாலிட்டி" என்பார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். இந்த எழுத்துகள் இலையின் அளவைச் சொல்பவை. ருசிக்கு உத்தரவாதம் தருபவை அல்ல.

ஓபி என்றால் ஆரஞ்சு பெக்கோ. ஆரஞ்சுப் பழ மணம் வருமென்று முகர்ந்து பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. பெக்கோ என்பது சீனத்து ஹொக்கியன் பேச்சிலிருந்து வந்தது. இளம் மொட்டின் மேலிருக்கும் வெள்ளை ரோமத்தைக் குறிப்பது. ஆரஞ்சு என்பது ஐரோப்பாவுக்குத் தேயிலை ஏற்றிப்போன டச்சுக்காரர்களின் அரச குடும்பப் பெயர் என்பதுதான் பரவலான விளக்கம்.

நல்ல ஓபி கருத்து, நீளமாக, முறுக்கிக்கொண்டு இருக்கும். உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள்: பழுப்புக் காம்பு நிறையத் தெரிந்தால் வாங்காதீர்கள். 150 மில்லி தண்ணீருக்கு இரண்டரை கிராம் போதும். இலை உப்பலாக இருப்பதால் ஸ்பூன் கணக்கு ஏமாற்றும், எடை போடுவதே சரி. கொதித்த தண்ணீரை ஊற்றி மூடி, 4 நிமிடத்தில் வடிகட்டுங்கள். பால் சேர்த்தால் மணம் அமுங்கிவிடும், கொடுத்த கூடுதல் காசு வீண்.

மலையில் குடித்த ருசி கோயம்புத்தூரில் வரவில்லை என்ற புகாருக்குக் கடைக்காரர் பொறுப்பல்ல. சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கீழே 100 டிகிரியை நெருங்கும் தண்ணீரில் துவர்ப்பு சீக்கிரம் இறங்கும். அங்கே 3 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள்.

டஸ்ட் என்ற பெயரைக் கேட்டுக் குப்பை என்று ஒதுக்குவது அநியாயம். சல்லடையில் கடைசியாக இறங்கும் பொடித் தரம் அது, அவ்வளவுதான். டீக்கடை பாய்லரில் வேலை செய்வது அதுவே. சின்னத் துகளானதால் சாயம் உடனே இறங்கி, பாலைத் தாண்டியும் நிற்கும். 100 மில்லி தண்ணீரில் ஒரு ஸ்பூன் தலைதட்டிப் போட்டு ஒன்றரை நிமிடம் கொதித்தால் போதும். அதற்கு மேல் போனால் கசக்கும். பால் டீ வீடுகளுக்கு எஸ்ஆர்டி எனப்படும் சூப்பர் ரெட் டஸ்ட்தான் எங்கள் தேர்வு. ஆனால் ஈரத்தை வேகமாக இழுக்கும், கால் கிலோவுக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். சாயம் கலந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், நனைத்த வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை தூவுங்கள். குளிர்ந்த தண்ணீரிலேயே நிறம் பளிச்சென்று பரவினால் அந்தத் தூள் வேண்டாம்.

பிஓபி என்றால் புரோக்கன் ஆரஞ்சு பெக்கோ, அதாவது நொறுங்கிய ஓபி. அளவில் இரண்டுக்கும் நடுவே. வாங்கும்போது ஆர்த்தடாக்ஸா (இலையை உருட்டி முறுக்கித் தயாரித்தது) சிடிசியா (இயந்திரத்தில் நசுக்கி, கிழித்து, சுருட்டியது) என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடுகு போல உருண்டிருந்தால் சிடிசி, பாலுக்குச் சரி. நொறுங்கிய இலையாக இருந்தால் ஆர்த்தடாக்ஸ், வெறும் டீக்கு.

ஓபி வாங்குவதென்றால் மார்ச்சில் வாருங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனிக்காலத்தில் பறித்த கொழுந்துக்குத்தான் மணம் அதிகம். பேக்கிங் தேதி இல்லாத கவரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.