சஃப்ரான்போலு கொனாக் விடுதி: எந்த அறையைக் கேட்டு வாங்குவது?

துருக்கியின் சஃப்ரான்போலுவுக்குப் போகிறவர்கள் பேருந்து நிற்கும் மேட்டுப்பகுதியான கிரான்கோயில் தங்க வேண்டாம். கீழே பள்ளத்தாக்கில் உள்ள பழைய கடைத்தெருப் பகுதியான சார்ஷிக்கு இறங்கி, ஒட்டோமான் காலத்தில் குடும்பங்கள் வாழ்ந்த கொனாக் என்னும் பெரிய வீடு ஒன்றில் அறை எடுங்கள். 1994-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர் இது. அந்த வீட்டுக்குள் ஓர் இரவு தூங்கினால்தான் ஊரின் அருமை பிடிபடும்.

பதிவு செய்யும்போதே மேல்தள அறை வேண்டுமென்று சொல்லிவிடுங்கள். தரைத்தளம் கல்சுவர், முன்பு கால்நடையும் விறகும் இருந்த இடம், வெளிச்சம் குறைவு. மேலே மரச்சட்டத்துக்குள் சுடாத மண்செங்கல் அடைத்த சுவர், வரிசையாக சன்னல்கள், அவற்றின் அடியில் சுவரோடு ஒட்டிய செதிர் என்னும் மரத்திண்ணை. கீழ்ச்சுவர் தெருவின் வளைவுக்கேற்பக் கோணலாகப் போகும். மேல்தளத்தைத் தெருப்பக்கம் நீட்டி அறையைச் சதுரமாக்கியிருப்பார்கள். சன்னலில் எட்டிப் பார்த்தால் கொத்தனாரின் அந்தக் கணக்கு தெரியும். அழகான வேலை!

குளியலறை அலமாரிக்குள் இருக்கும். இது விளையாட்டல்ல. கதவைத் திறந்தால் மெத்தை அடுக்கும் தட்டுகளுக்குப் பக்கத்தில் ஓராள் நின்று குளிக்கும் இடம், பெயர் குசுல்ஹானே. பல விடுதிகளில் அதற்குள்ளேயே ஷவரைப் பொருத்திவிட்டார்கள். வாசற்படி உயரம், நிலை தாழ்வு, தலை இடிக்கும். தண்ணீர் வெளியே தெறித்தால் மரம் ஊறிக் கதவு இறுகிவிடும், ஆகவே சாத்திக்கொண்டு குளியுங்கள். பருமனானவர்களும் முதியவர்களும் தனிக் குளியலறை உள்ள அறையைக் கேட்பது நல்லது.

பலகைத் தரையில் மாடியில் ஒருவர் நடந்தாலும் கீழே கேட்கும். தூக்கம் லேசானவர்கள் மேல்தளம் கேட்க இது இன்னொரு காரணம். படிகள் செங்குத்து. தெருக்கள் கரடுமுரடான கல் பாவியவை, சக்கரப் பெட்டியை இழுக்க முடியாது, முதுகுப்பை போதும்.

சத்தமே ஆகாதென்றால் 17-ஆம் நூற்றாண்டுச் சத்திரமான ஜின்ஜி ஹான் இப்போது ஓட்டலாக இருக்கிறது. கல்சுவர், கனம் அதிகம். ஆனால் அது வணிகர்கள் தங்கிய இடம், குடும்பம் வாழ்ந்த வீட்டின் அமைப்பு அங்கே கிடைக்காது.

அறைக்குப் போகும் முன் காய்மகாம்லர் அருங்காட்சியக வீட்டை ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். எந்த அலமாரி எதற்கென்று அங்கே தெரிந்துகொண்டால், விடுதியில் தேடித்தேடித் திறந்து பார்ப்பீர்கள்.