‘மூச்சு விடும் எல்இடி’ என்று விற்கிறார்கள், ஜாக்கிரதை

கம்ப்யூட்டர் கேஸை விருப்பப்படி செய்து தரச் சொல்லி வெளியே வேலை கொடுக்கும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பணம் போனது ஒரு பக்கம், மேசையில் தீப்பிடிக்கப் பார்த்தது இன்னொரு பக்கம்.

சென்னையில் இன்ஸ்டாகிராம் வழியாக ஆர்டர் எடுத்து கேஸ் மாடிங் செய்யும் ஒருவரிடம் அக்ரிலிக் முகப்போடு ஒரு கேஸ் கேட்டிருந்தேன். முகப்புக்குப் பின்னால் நீல வெளிச்சம் மூச்சு விடுவதுபோல மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். பழைய ஆப்பிள் லேப்டாப்கள் தூங்கும்போது ஒரு சின்ன விளக்கு அப்படி எரியும், பார்த்திருப்பீர்கள். விளக்குக்கு மட்டும் தனியாக 4,500 ரூபாய் வாங்கினார். “எங்க சொந்த டிசைன் போர்டு ப்ரோ, வெளியில எங்கயும் கிடைக்காது” என்றார்.

கேஸ் வந்தது. விளக்கு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பட்டென்று எரிந்து பட்டென்று அணைந்தது. போன் போட்டால் “ஓட ஓட செட் ஆயிடும் ப்ரோ” என்கிறார். இந்த சர்க்யூட்டில் ஓட ஓட செட் ஆகிற சமாச்சாரம் எதுவுமே கிடையாது. கரன்டை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர், சார்ஜைச் சேமிக்கும் கெபாசிட்டர், இந்த இரண்டின் மதிப்புதான் வேகத்தைத் தீர்மானிக்கும். வெளிச்சம் படிப்படியாக மாறுமா, சட்டென்று மாறுமா என்பதை வயரிங் தீர்மானிக்கும். போர்டைப் பார்க்கலாம் என்றால் மேலே முழுக்கக் கறுப்பு க்ளூ. டிசைனை யாரும் காப்பி அடிக்காமல் இருக்கவாம்.

கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம் கருகல் வாடை வந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு க்ளூவைக் கத்தியால் சுரண்டி எடுத்தேன். உள்ளே ஒரு 555 ஐசி (டைமர் சிப்), ஒரு கெபாசிட்டர், சில ரெசிஸ்டர்கள், முகம் இரண்டாகப் பிளந்த ஒரு பிசி 547 (BC547) டிரான்சிஸ்டர், அதாவது விளக்குக்குப் போகும் கரன்டைக் கட்டுப்படுத்தும் பாகம். இதுதான் அந்த ‘சொந்த டிசைன்’. 555 ஐசியை ஹான்ஸ் காமென்சிண்ட் 1971-இல் வடிவமைத்தார், 1972 முதல் கடையில் விற்கிறது. மொத்தச் சாமானும் ரிச்சி தெருவில் நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

ஏன் கருகியது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இதே கூத்தை நிறைய பேர் செய்கிறார்கள். அவர் ஒட்டியிருந்தது மீட்டருக்கு 60 எல்இடி உள்ள 5050 ரக 12 வோல்ட் ஸ்ட்ரிப், அரை மீட்டர். ஒரு மீட்டர் சுமார் 1.2 ஆம்பியர் இழுக்கும், அரை மீட்டர் 0.6 ஆம்பியர். பிசி 547 தாங்குவது 0.1 ஆம்பியர்தான். ஆறு மடங்குச் சுமையை அதன் தலையில் ஏற்றினால் வெடிக்காமல் என்ன செய்யும்?

அதைவிடப் பெரிய ஆபத்து வயரில் இருந்தது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கம்ப்யூட்டருக்குக் கரன்ட் கொடுக்கும் பெட்டி) வரும் மோலெக்ஸ் என்ற நான்கு முனை கனெக்டரின் மஞ்சள் வயரைத் தோல் உரித்து, இயர்போன் வயர் அளவுக்கு மெல்லிய ஒன்றை முறுக்கி, மேலே செல்லோ டேப் ஒட்டியிருந்தார். ஃப்யூஸ் இல்லை. மஞ்சள் என்றால் 12 வோல்ட். நல்ல எஸ்எம்பிஎஸ் அந்த லைனில் முப்பது நாற்பது ஆம்பியர் கொடுக்கும். மெல்லிய வயர் எங்கேயாவது ஷார்ட் ஆனால் எஸ்எம்பிஎஸ் அதைக் கோளாறாகவே எடுத்துக்கொள்ளாமல் போகலாம், வயர் சிவந்து எரியும் வரை கரன்ட் போய்க்கொண்டே இருக்கும். என் கேஸில் வயரின் உறை உருகி அக்ரிலிக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்ரிலிக் நன்றாகவே தீப்பிடிக்கும்.

போட்டோ அனுப்பினேன். முதலில் “உங்க வீட்டு கரன்ட் ஏத்த இறக்கம்” என்றார். பிறகு “க்ளூவைப் பிரிச்சுட்டீங்க, வாரன்ட்டி போச்சு” என்றார். பில் கேட்டதும் பிளாக் செய்துவிட்டார்.

நீங்கள் கேட்பது மெல்ல ஏறி இறங்கும் வெளிச்சம் என்றால் சர்க்யூட் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். 555-இன் 3-ஆவது பின்னிலிருந்து (பின் என்றால் ஐசியின் கால்) 47கே, அதாவது 47,000 ஓம் ரெசிஸ்டர் வழியாக 2, 6 பின்களுக்கு. அங்கிருந்து கிரவுண்டுக்கு 47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். 12 வோல்ட்டில் அந்தக் கெபாசிட்டரின் மின்னழுத்தம் 4 முதல் 8 வோல்ட் வரை ஏறி இறங்கும், ஒரு சுற்றுக்கு மூன்று, மூன்றரை விநாடி. எடுக்க வேண்டியது இந்த ஏற்ற இறக்கத்தைத்தான். 3-ஆவது பின்னில் எடுத்தால் மினுக்கல்தான் வரும், எனக்குச் செய்து கொடுத்தது அதுதான். கெபாசிட்டரில் நேராக டிரான்சிஸ்டரை மாட்டினால் அது சார்ஜை உறிஞ்சி சர்க்யூட்டையே பாதியில் நிறுத்திவிடும், ஆகவே நடுவே ஒரு எல்எம் 358 (LM358) பஃபர் வேண்டும், கெபாசிட்டரிலிருந்து உறிஞ்சாமல் அதே மின்னழுத்தத்தை அது அடுத்த பாகத்துக்குக் கொடுக்கும். அதன் பிறகு பிடி 139 (BD139) டிரான்சிஸ்டர். அதன் எமிட்டர் என்ற காலில் எட்டு நீல எல்இடி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 330 ஓம் ரெசிஸ்டர்.

இதில் 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை மாட்டாதீர்கள். அதில் மும்மூன்று எல்இடி தொடராக இருப்பதால் ஒன்பது வோல்ட் வரும் வரை ஒழுங்காக எரியாது, இந்த சர்க்யூட் எட்டைத் தாண்டாது. ஸ்ட்ரிப்தான் வேண்டும் என்றால் மாஸ்ஃபெட் (அதிகக் கரன்ட் தாங்கும் டிரான்சிஸ்டர்) வைத்து பிடபிள்யூஎம் முறையில், அதாவது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எரித்து அணைத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் முறையில், செய்பவரிடம் போங்கள். எதுவானாலும் மஞ்சள் வயரில் ஃப்யூஸ் கட்டாயம், இந்த எட்டு எல்இடிக்கு அரை ஆம்பியர் தாராளம். இணைப்புகளில் சால்டரிங்கும் ஹீட் ஷ்ரிங்க் ட்யூபும் (சூடாக்கினால் சுருங்கி இணைப்பை மூடும் உறை) இருக்கிறதா பாருங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் க்ளூ பூசாத போர்டின் படத்தையும், விளக்கு எரியும் வீடியோவையும் கேளுங்கள். பேர் போட்ட பில் கேளுங்கள். ஃப்யூஸ் எங்கே என்று கேட்டதும் பேச்சை மாற்றினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. யுபிஐ ரசீதையும் சாட் ஸ்கிரீன்ஷாட்டையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

இப்படிக் கறுப்பு க்ளூ பூசிய போர்டு உங்கள் கேஸில் ஏற்கெனவே இருந்தால், கம்ப்யூட்டரை அணைத்து, பவர் வயரைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, போர்டுக்குப் போகும் வயரை மோலெக்ஸின் வயரிலிருந்து இன்றைக்கே பிரித்தெடுத்து, உரித்த இடத்தை இன்சுலேஷன் டேப்பால் மூடுங்கள். கம்ப்யூட்டர் வழக்கம்போல ஓடும், விளக்கு மட்டும் எரியாது.