எங்கள் பள்ளித் தெருவின் மஞ்சள் எழுத்துகள்: பூச்சு அருமை, வரிசை ஆபத்து

கலிபோர்னியாவில் பள்ளிக்கூடத்தை ஒட்டிய தெருவில் கார் ஓட்டியவர்கள் இவற்றைப் பார்த்திருப்பார்கள். பிள்ளைகள் கடக்கும் மஞ்சள் கோடுகளுக்கு முன்னால், சிக்னலோ ஸ்டாப் பலகையோ இல்லாத இடங்களில், 'ஸ்லோ', 'ஸ்கூல்', 'கிராஸிங்' என்ற மூன்று சொற்களைத் தரையில் மஞ்சளில் எழுத வேண்டும் என்பது மாநில வாகனச் சட்டம். கடைசிச் சொல்லை 'எக்ஸ்' போட்டு 'எக்ஸிங்' (XING) என்று சுருக்கிவிடுவார்கள். எங்கள் பகுதிக்குப் புதிதாக வரும் தமிழ்ப் பெண்களுக்கு நான் கார் ஓட்டக் கற்றுத் தருகிறேன். அவர்கள் இந்த எழுத்துகளை முதன்முதலாகப் படிக்கும்போது பக்கத்து இருக்கையில் இருப்பவள் என்ற முறையில் இந்த மதிப்பீடு.

பூச்சில் குறை சொல்ல எதுவும் இல்லை. சூடாக்கி உருக்கித் தார் மேல் படியவிடும் பிளாஸ்டிக் வகை இது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு வெறிச்சோடிக் கிடக்கும்போது குனிந்து தடவிப் பார்த்தேன். தரையைவிடச் சற்றே மேடாக, பொடிப்பொடியான கண்ணாடி மணிகள் பதிந்து, விரலுக்குச் சொரசொரவென்றிருக்கிறது. இரவில் ஹெட்லைட் வெளிச்சத்தை ஓட்டுகிறவர் கண்ணுக்கே திருப்பி அனுப்புவது அந்த மணிகள்தான். எழுத்துகளை நீட்டி எழுதியிருப்பதும் காரணத்தோடுதான். காரில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சாய்வாகப் பார்த்தால் சாதாரண எழுத்து நசுங்கித் தெரியும். ஆகவே ஒவ்வோர் எழுத்தும் ஆள் உயரத்துக்கு மேல் நீண்டு கிடக்கிறது. மழைக்காலத்திலும் நன்றாகவே தெரிகிறது.

சிக்கல் வரிசையில்தான். 'ஸ்லோ' நமக்கு மிக அருகில், அதற்கு அப்பால் 'ஸ்கூல்', அதற்கும் அப்பால் 'கிராஸிங்'. கண்ணாடி வழியே பார்க்கிறவருக்கு இது ஒரு பக்கத்தில் அச்சடித்தது போலத்தான் தெரியும். கண் மேலிருந்துதான் தொடங்கும். சமீபத்தில் என்னோடு வந்த பெண் வாய்விட்டே படித்தார்: "எக்ஸிங்... ஸ்கூல்... ஸ்லோ. அக்கா, இந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரா இது?" அவர் கேட்டு முடிப்பதற்குள் கோட்டின் மேலேயே வந்துவிட்டோம். பிள்ளைகள் நடமாடும் நேரத்தில் இங்கே வேக வரம்பு மணிக்கு 25 மைல். அந்த வேகத்திலும் கார் நொடிக்கு 36 அடிக்கு மேல் போகிறது. அந்த நொடிகளில் அவர் கண் இருக்க வேண்டிய இடம் சாலையோரம், நிறுத்தியிருக்கும் கார்களின் இடுக்கு. அங்கிருந்துதான் பிள்ளைகள் ஓடி வருவார்கள். எச்சரிக்கவென்று எழுதிய எழுத்தே அவருடைய கண்ணைத் தரையில் பிடித்து வைத்துக்கொண்டது. எனக்கு இதில் வரும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பெயின்ட் அடித்தவர்கள் தவறாக எழுதிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். சாலைக் குறிகளுக்கான அமெரிக்கக் கூட்டரசின் கையேடே, பல வரிகள் இருந்தால் முதல் சொல் ஓட்டுகிறவருக்கு மிக அருகில் வர வேண்டும் என்கிறது. வண்டி எந்தச் சொல்லை முதலில் கடக்கிறதோ அதையே முதலில் படிப்பார் என்பது அதன் கணக்கு. வேகமான புறநகர்ச் சாலைகளில் இந்தக் கணக்கு சரியாகவே நடக்கிறது. அங்கே 'சிக்னல் அஹெட்' (முன்னால் சிக்னல்) என்று எழுதியிருந்தால், 'சிக்னல்' என்பதைத் தாண்டிய பிறகுதான் 'அஹெட்' தெளிவாகிறது. யாரும் தடுமாறி நான் பார்த்ததில்லை.

ஆனால் அதே கையேடு இடைவெளியைப் பற்றியும் பேசுகிறது. எழுத்தின் உயரம் குறைந்தது 6 அடி. மெதுவான சாலையில் வரிகளுக்கு நடுவே எழுத்தின் உயரத்தைப் போல நான்கு மடங்காவது இடம் விட வேண்டும். பத்து மடங்கைத் தாண்டக் கூடாது. எங்கள் தெருவில் அடிவைத்து அளந்து பார்த்தேன். எழுத்தின் நீளமும் நடுவில் உள்ள வெற்றிடமும் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்று சொற்களும் ஒரே பார்வையில் விழுந்தால் மேலிருந்து படிக்காமல் வேறென்ன செய்வார்கள்? வரிசையை மட்டும் கையேட்டிலிருந்து எடுத்துக்கொண்டு இடைவெளியை விட்டுவிட்டதுதான் கோளாறு.

என்னிடம் கற்க வருகிறவர்களுக்கு இப்போதெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: தரையில் மஞ்சள் எழுத்து தெரிந்தால் படிக்க வேண்டாம், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இரு ஓரங்களையும் பாருங்கள்.

இந்தப் பூச்சை இடம் மாற்ற முடியாது. சுரண்டி எடுத்தால் பழைய எழுத்தின் தடம் தாரில் தங்கி இன்னும் குழப்பும். ஆகவே புதுத் தார் போடும் போதுதான் திருத்த முடியும். நகர நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன்: சொற்கள் அப்படியே இருக்கட்டும், 6 அடி எழுத்துக்கு 24 அடியாவது இடைவெளி விடுங்கள், 'ஸ்லோ' இன்னும் முன்னால், தெருமுனை மரங்களுக்குப் பக்கத்திலேயே தொடங்கட்டும்.