வட்ட வாக்கர் வேணவே வேணாம், மர நடைவண்டி வாங்குங்க

பாப்பாவுக்கு எட்டு மாசத்துல ஆன்லைன்ல ஒரு வாக்கர் வாங்குனேன், சுத்தி சக்கரம் வெச்சு நடுவுல குழந்தைய உக்கார வெப்பாங்களே அதான், பாட்டெல்லாம் பாடும், 2,300 ரூபா. பாக்ஸ்ல சீக்கிரம் நடக்க உதவும்னு பெருசா போட்டிருந்தத நம்பிட்டேன்.

ஒம்போதாம் மாச ஊசிக்குப் போனப்ப டாக்டர் அவளப் புடிச்சு நிக்க வெச்சாங்க, குதிகால் தரையில படவே இல்ல, நுனிக்கால்லயே நிக்கிறா. வாக்கர்ல போடுறீங்களான்னு கேட்டுட்டு குழந்தைங்க பிசியோதெரபிஸ்ட்கிட்ட அனுப்புனாங்க. அந்த மேடம் உடனே அத நிறுத்தச் சொல்லிட்டாங்க. குழந்தையோட வெயிட்ட சீட்டே தாங்கிக்குதாம், இடுப்புக்கும் தொடைக்கும் வேலையே கிடையாது, கால் விரலால லேசா உந்துனா போதும் வண்டி ஓடிரும், முன்னாடி இருக்கற ட்ரே மறைக்கிறதால தன்னோட கால் எங்க போகுதுன்னுகூட அதுக்குத் தெரியாது.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். 1999ல அமெரிக்காவுல 109 குழந்தைங்கள வெச்சுப் பண்ண ஆராய்ச்சியில வாக்கர்ல இருந்தவங்கதான் உக்கார்றது தவழ்றது நடக்கிறது எல்லாத்துலயும் லேட்டு. 2002ல வந்த அயர்லாந்து ஆராய்ச்சியில மொத்தம் 24 மணி நேரம் வாக்கர்ல இருந்தா தனியா நடக்கிறது மூணு நாளுக்கு மேல தள்ளிப்போகுதுன்னு கணக்கே போட்டிருக்காங்க. கனடாவுல 2004லயே விக்கத் தடை, ஏன்னா ஒரே செகண்ட்ல மூணு அடிக்கு மேல உருண்டு படிக்கட்டுக்குப் போயிரும், நாம பக்கத்துல நின்னாலும் புடிக்க முடியாது. நம்ம ஊர்ல இன்னும் கிஃப்டா வாங்கிக் குடுக்கறாங்க, மனசு பதறுது.

பத்தரை மாசத்துல அவளே சோஃபாவப் புடிச்சு எழுந்திரிக்க ஆரம்பிச்சதும் மேடம்கிட்ட கேட்டுட்டு ஆசாரிகிட்ட சொல்லி நடைவண்டி செஞ்சோம், 700 ரூபா. மூணு சக்கரம், ஒரு கைப்பிடி, அவ்ளோதான். இதுல தூக்கி உக்கார வெக்க முடியாது, குழந்தை தானா நின்னாதான் வண்டி நகரும். முதல் நாள் கைப்பிடியப் புடிச்சு எழுந்தா, முட்டி கிடுகிடுன்னு ஆடுது, அஞ்சு விரலும் விரிஞ்சு தரையப் பிடிக்குது, குதிகால் நல்லாப் பதிஞ்சிருந்துச்சு. நான் அங்கயே உக்காந்து அழுதுட்டேன்.

டைல்ஸ்ல மட்டும் வழுக்கிட்டு முன்னால ஓடிருது, அதனால வாசல் சிமெண்ட் தரையிலதான் விடுறோம், பக்கத்துல ஒரு ஆள் இருந்தே ஆகணும். கைப்பிடி முனைய நல்லா இழைச்சுத் தரச் சொல்லுங்க, சிலாம்பு ஏறிரும்.

வாக்கர பக்கத்து வீட்டு அக்கா பேரனுக்குக் கேட்டாங்க. விஷயத்தச் சொல்லிட்டு சக்கரத்தக் கழட்டி குப்பையில போட்டுட்டேன், ஆசாரி நம்பர அவங்களுக்குக் குடுத்திருக்கேன்.