38,500 ரூபாய் போச்சு. கிடார் செய்ய மரம் ஆன்லைன்ல வாங்குறவங்க தயவுசெஞ்சு படிங்க

நேத்து ராத்திரி அதே போட்டோவை மறுபடி பாத்தேன், அதான் விடிஞ்சும் விடியாம உக்காந்து டைப் பண்றேன், எழுத்து தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

பலகையோட இடது ஓரத்துல தூண்டில் முள்ளு மாதிரி வளைஞ்ச சின்ன கருப்பு கோடு ஒன்னு. மூணு வாரம் அந்த கோட்டை போன்ல பெருசாக்கி பெருசாக்கி பாத்திருக்கேன், தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் வரைஞ்சு காட்டுவேன். அந்த பலகைக்குத்தான் 38,500 ரூபாய் கட்டினேன். அது என் கைக்கு வரவே இல்ல. இப்ப அதே போட்டோ இன்னொரு ஏமாளிக்காக ஏறியிருக்கு.

நான் கோயமுத்தூர்ல லேத் பட்டறையில வேலை பாக்குறேன், ஞாயித்துக்கிழமை ஆனா அக்கூஸ்டிக் கிடார் செய்யறது. இதுவரைக்கும் மூணு முடிச்சிருக்கேன், ரெண்டு ஈட்டி மரத்துல, ஒன்னு மகோகனியில. நாலாவது என் பொண்ணுக்கு. அதுக்குத்தான் கோவா மரம் தேடினேன், ஊர் கோவா இல்லைங்க, ஹவாய் தீவுகள்ல மட்டும் இயற்கையா வளர்ற மரம், நம்மூர் கருவேலத்துக்கு தூரத்து சொந்தம். 1915ல சான்பிரான்சிஸ்கோ கண்காட்சிக்கு அப்புறம் அமெரிக்கா பூரா ஹவாய் பாட்டு பரவுனப்ப கிடார் கம்பெனிகளும் இந்த மரத்துல செய்ய ஆரம்பிச்சாங்க. அதுலயும் கர்லி கோவான்னு ஒன்னு, நார் நேரா ஓடாம அலை அலையா வளர்ந்திருக்கும், எல்லா மரத்துலயும் அது வராது, அறுத்து பாத்தாதான் முழுசா தெரியும். மயில்கழுத்து பட்டுப்புடவையை அசைச்சா கலர் மாறுமே, அந்த மாதிரி பலகையை திருப்ப திருப்ப கருப்பு பட்டை வெளுப்பாகும், வெளுப்பு கருப்பாகும். ஒரு தடவை கையில புடிச்சு பாத்தவனுக்கு அந்த ஆசை விடாது.

விக்கிறவன் யாருன்னு நான் இங்க பேர் போடல. இசைக்கருவி சாமான் வாங்கி விக்கிற ஒரு ஆப்புல கடை போட்டிருக்கிறவன், அவ்வளவுதான். நல்லா தமிழ் பேசினான். நான் நம்புனது எங்கன்னா, வீடியோ கால்ல. "அண்ணா, நானும் கிடார் செய்றவன்தான், மரத்தை ஏமாத்தி வித்தா கை விளங்காது"ன்னான். அப்புறம் தின்னர்ல நனைச்ச துணியை பலகை மேல ஒரு இழு இழுத்தான் பாருங்க, பட்டை பட்டையா அப்படியே எழுந்து வந்துச்சு. ரெண்டு விரல்ல ஓரத்தை புடிச்சு தொங்கவிட்டு தட்டி காட்டினான், கோயில் மணி மாதிரி இழுத்துச்சு சத்தம். என் பொண்ணும் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருந்தா. அந்த பலகை உண்மையான கோவாதான், அதுல எனக்கு இப்பவும் சந்தேகமே இல்ல.

பின்பக்கத்துக்கு ரெண்டு, சைடுக்கு ரெண்டு, மொத்தம் நாலு பலகைக்கு 34,000 சொன்னான். ஆப்புல கட்டினா கமிஷன் போயிடும், நேரா யூபிஐல போடுங்கன்னான். கூடவே சைட்டீஸ் பேப்பர், அதாவது அழியுற நிலையில இருக்கிற மரம், விலங்கையெல்லாம் நாடு விட்டு நாடு கொண்டுபோக உலக ஒப்பந்தப்படி வாங்குற அனுமதி, அதுக்கு செலவு 4,500ன்னான். ஈட்டி, ரோஸ்வுட்டுக்கெல்லாம் வெளிநாடு போக வர அந்த பேப்பர் வேணும்னு எனக்கு தெரியும், 2017ல இருந்து அந்த இனம் மொத்தமும் பட்டியல்ல இருக்கு, பிரேசில் ரோஸ்வுட் 1992லயே அந்த பட்டியலுக்கு போயிடுச்சு. அதனால இதுக்கும் இருக்கும்போலன்னு போட்டுட்டேன். கோவா அந்த பட்டியல்லயே இல்லைங்க! இல்லாத பேப்பருக்கு 4,500. மொத்தம் 38,500, அதுவும் அஞ்சு மாச ஓவர்டைம் காசு.

பார்சல் வந்துச்சு. பிரிச்சதும் வார்னிஷ் வாசனை அடிச்சுது, இழைக்காத பலகையில எதுக்கு வார்னிஷ்? கோடு எல்லாம் இருந்துச்சு, தூண்டில் முள்ளு மட்டும் இல்ல. லைட்டுக்கு கீழ சாய்ச்சேன், திருப்பினேன், கருப்பு கருப்பாவே நிக்குது, வெளுப்பு வெளுப்பாவே நிக்குது. வெட்டுமுனைய பாத்தா கோடு உள்ள போகவே இல்ல, மேலோட நின்னுடுச்சு. ஸ்கிரேப்பர் எடுத்து மூலையில நாலு இழுப்பு, சீவலோட சேந்து கோடும் வந்துடுச்சு, கட்டைவிரல் பூரா காப்பி கலர் சாயம். கீழ வெறும் வெளிர் மரம். பக்கத்து தெரு ஆசாரி அண்ணன் பாத்துட்டு மலைவேம்புன்னார், பிளைவுட்டுக்கு போற மரம். என் பொண்ணு ஒன்னுமே சொல்லாம எந்திரிச்சு போயிட்டா, அதான் எனக்கு தாங்கல.

போன் போட்டேன். மொதல்ல "இயற்கை பொருள் அண்ணா, பலகைக்கு பலகை மாறும்"ன்னான். சாயத்தை போட்டோ எடுத்து அனுப்பினேன், "சுரண்டிட்டீங்களே, இனி ரிட்டர்ன் எடுக்க முடியாது"ங்கிறான். சுரண்டாம எப்படிடா தெரியும்? அப்புறம் குடோன்ல மாத்தி பேக் பண்ணிட்டாங்கன்னான், அப்புறம் ஓனர் ஊர்ல இல்லன்னான், அதுவரைக்கும் அவன்தான் ஓனர்னு நெனச்சிட்டு இருந்தேன். எட்டாம் நாள் பிளாக். ஆப்புக்காரங்களுக்கு எழுதினா வெளியில கட்டின காசுக்கு நாங்க பொறுப்பில்லன்னு ஒரே பதில், மூணு தடவையும் அதே வரி. சைபர் மோசடி புகாருக்கான 1930 நம்பருக்கு போன் போட்டு புகார் நம்பர் வாங்கியிருக்கேன். 38,500ல ஒரு ரூபாய் இன்னும் திரும்பல.

என்ன பண்ணனும்னு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், ஷிஃப்டுக்கு நேரமாச்சு. ஆப்புக்கு வெளிய காசு போடாதீங்க. வீடியோல பலகையை திருப்பி சாய்ச்சு காட்ட சொல்லுங்க, வெட்டுமுனையையும் காட்ட சொல்லுங்க, உங்க கண்ணு முன்னாடியே அவனை பென்சில்ல உங்க கையெழுத்து மாதிரி ஏதாவது எழுத சொல்லி, அதே எழுத்து இருக்கிற பலகைதான் வரணும்னு சொல்லுங்க. பார்சல் பிரிக்கிறப்ப வீடியோ எடுங்க, நான் எடுக்கல.

தூண்டில் முள்ளு கோடு, இடது ஓரம், கீழ இருந்து ஒரு சாண் உயரத்துல. இந்த தடவை 36,000 சொல்றான், பேப்பர் காசு தனியாம்.