ஜிஎஸ்டி சேவைகள்: நெல்லைக் கடைக்காரருக்கு எவ்வளவு கைகொடுக்கின்றன?

திருநெல்வேலி டவுன், மேலப்பாளையம், அம்பாசமுத்திரம், தென்காசி கடைத்தெருக்களில் ஜிஎஸ்டி நம்பர் எடுத்து வியாபாரம் செய்யும் சிறு கடைக்காரர்களை மனதில் வைத்து எழுதிய மதிப்பீடு இது. வரி வசூலிப்பது துறையின் வேலை. வரியைத் தப்பில்லாமல் கட்ட வழிகாட்டுவதும் அதே துறையின் வேலைதான். அந்த இரண்டாவது வேலைக்கு, போர்ட்டல், எஸ்எம்எஸ், உதவி எண், அலுவலகம் எல்லாம் சேர்த்து, 5க்கு மூன்றரை மதிப்பெண் கொடுக்கலாம். குறைகிற ஒன்றரையில் பாதி துறையின் பிழை. மறுபாதி, பதிவில் யாருடைய செல்போன் எண் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அந்த எண்ணைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். ஓடிபி, கடைசித் தேதி நினைவூட்டல், நோட்டீஸ் ஏறியிருக்கிறது என்ற தகவல் எல்லாம் பதிவில் உள்ள செல்போனுக்கும் மின்னஞ்சலுக்கும்தான் போகும். நம்பர் எடுத்துக் கொடுத்தவர் பல இடங்களில் தன் எண்ணையே போட்டுவிடுகிறார். ஒவ்வொரு ஓடிபிக்கும் அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டாம் என்ற வசதிதான் காரணம். கெட்ட எண்ணம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் அன்றிலிருந்து துறை சொல்வது எதுவும் கடைக்கு நேராக வராது. கீழே பாராட்டியிருக்கும் வசதிகளில் பலவும், எண் கடைக்காரர் கையில் இருந்தால்தான் பயன்படும்.

வியாபாரமே நடக்காத காலத்துக்குப் போடும் கணக்குதான் நில் ரிட்டர்ன். அதை எஸ்எம்எஸ் மூலம் போடும் வசதியை எடுத்துக்கொள்வோம். துறை செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று. குற்றாலத்தில் சீசனுக்கு மட்டும் கடை விரிப்பவருக்கு மற்ற மாதங்களில் வாங்கலும் இல்லை, விற்றலும் இல்லை. ஆனாலும் நம்பர் உயிரோடு இருக்கும்வரை ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். பதிவிலுள்ள செல்போனிலிருந்து 14409 என்ற எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பினால் போதும். ஆங்கில எழுத்தில் ‘நில்’, ஓர் இடைவெளி, ‘3பி’, ஓர் இடைவெளி, 15 இலக்க ஜிஎஸ்டி எண், ஓர் இடைவெளி, மாதமும் ஆண்டும் சேர்ந்த ஆறு இலக்கம். 2025 செப்டம்பர் என்றால் 092025. பதிலுக்கு ஆறு இலக்கக் குறியீடு வரும். அது 30 நிமிடம் செல்லும். அதற்குள் ‘சிஎன்எஃப்’, ‘3பி’, அந்தக் குறியீடு மூன்றையும் அதே வரிசையில் திருப்பி அனுப்பினால் ரிட்டர்ன் பதிவாகிவிடும். ‘3பி’ இருக்கும் இடத்தில் ‘ஆர்1’ என்று போட்டு ஜிஎஸ்டிஆர்-1ஐ, அதாவது விற்பனை விவர ரிட்டர்னை, முதலில் முடிக்க வேண்டும். அது முடியாமல், வரிக் கணக்கைச் சொல்லும் ரிட்டர்னான 3பி ஏறாது. காலாண்டுக்கு ஒருமுறை போடுபவர்கள் காலாண்டின் கடைசி மாதத்தைக் குறிப்பிட வேண்டும். இங்கேதான் பலருக்கும் செய்தி தப்பாகித் திரும்பி வருகிறது. போடாமல் விட்டால் நில் 3பிக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய், ஒரு ரிட்டர்னுக்கு அதிகபட்சம் 500 ரூபாய் தாமதக் கட்டணம். ஆறு மாதம் தொடர்ந்து விட்டால் நம்பரை ரத்து செய்யும் நடவடிக்கை தொடங்கும். ஒரு எஸ்எம்எஸ் செலவில் முடிகிற காரியம், எண் வேறொருவர் சட்டைப் பையில் இருப்பதால் நடக்காமல் போகிறது.

நம்பர் எடுக்கும் கட்டத்துக்கு வருவோம். முதலில் தற்காலிக எண் ஒன்று கிடைக்கும். அதை வைத்து 15 நாளுக்குள் மீதிப் படிவத்தை முடிக்க வேண்டும். ஆதார் சரிபார்ப்பு சரியாக நடந்து, துறை கேள்வி எதுவும் கேட்காவிட்டால் ஏழு வேலை நாளில் நம்பர் வந்துவிடும். இழுபடுவது கடை முகவரிக்கான ஆவணத்தில்தான். நம் பக்கத்தில் கட்டடத்தின் தீர்வை (சொத்து வரி) ரசீது தாத்தா பெயரில் இருக்கும், கரண்ட் பில் பெரியப்பா பெயரில் இருக்கும், வாடகை ஒப்பந்தம் வாய்ச்சொல்லில் இருக்கும். இப்படிப்பட்டவர்களிடம் சகட்டுமேனிக்கு ஆவணம் கேட்கக் கூடாது என்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2025 ஏப்ரல் 17 அன்று தன் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. சொந்தக் கட்டடம் என்றால் தீர்வை ரசீது, கரண்ட் பில் போன்றவற்றில் ஏதாவது ஒன்று போதும். வாடகைக் கடை என்றால் ஒப்பந்தமும், உரிமையாளர் பெயரில் அப்படியொரு ஆவணமும் போதும். ஒப்பந்தம் பதிவு செய்யப்படாதது என்றால் உரிமையாளரின் அடையாளச் சான்றும் சேரும். உறவினர் கட்டடம் என்றால் வெள்ளைத் தாளில் ஒரு சம்மதக் கடிதம், கூடவே கொடுப்பவரின் அடையாளச் சான்று, கட்டட ஆவணம். இந்த அறிவுறுத்தலைப் படித்து வைத்திருப்பவருக்குப் பாதி அலைச்சல் மிச்சம். கேள்வி வந்தால் பதில் சொல்ல ஏழு வேலை நாள்தான். அந்தக் கேள்வி வந்திருக்கிறது என்பதைச் சொல்வதும் அதே செல்போன்தான்.

நம்பர் வந்த பிறகு வங்கிக் கணக்கைச் சேர்க்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். 30 நாளுக்குள், அல்லது முதல் ஜிஎஸ்டிஆர்-1 போடுவதற்குள், இரண்டில் எது முந்துகிறதோ அதற்குள் சேர்க்க வேண்டும்.

மாதாமாதம் ரிட்டர்ன் போடும் சுமையைக் குறைக்கக் காலாண்டுத் திட்டம் உண்டு. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி வரை உள்ளவர்கள் சேரலாம். தமிழ்நாட்டில் 3பிக்குக் கடைசி நாள் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 22. ஆனால் வரியை மட்டும் முதல் இரண்டு மாதத்துக்கும் அந்தந்த அடுத்த மாதம் 25க்குள் செலுத்த வேண்டும். கணக்குப் போடத் தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், போர்ட்டலே தொகையைச் சொல்லும். போன காலாண்டில் ரொக்கமாக 20,000 ரூபாய் கட்டியிருந்தால் அதில் 35 விழுக்காடு, அதாவது 7,000 ரூபாய்க்குச் செலான் வரும். இரண்டு மாதத்துக்கு 14,000 கட்டிவிட்டு, மூன்றாவது மாதம் உண்மைக் கணக்குப் போட்டு மீதியைத் தீர்க்கலாம். நடுவில் வியாபாரம் கூடியிருந்தாலும் அந்த இரண்டு மாதத்துக்கு வட்டி கிடையாது. சிறு வியாபாரியின் கைப்புழக்கம் தெரிந்தவர்கள் வடிவமைத்த திட்டம் என்று தயங்காமல் சொல்லலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கோவில்பட்டியில் உள்ள கடைக்கு மொத்தமாகச் சரக்கு அனுப்பியிருப்பீர்கள். அடுத்த மாதம் 14ஆம் தேதி போன் வரும்: “அண்ணாச்சி, உங்க பில்லு எங்க 2பியில ஏறலியே.” 2பி என்பது வாங்கியவருக்குப் போர்ட்டல் காட்டும் கொள்முதல் பில் பட்டியல். நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுவதால், வாங்கியவர் இன்புட் எடுக்க, அதாவது கொள்முதலில் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள, மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதாகிறது. இதற்காகவே ஐஎஃப்எஃப் என்றொரு வசதி இருக்கிறது. முதல் இரண்டு மாதங்களில், ஜிஎஸ்டி நம்பர் உள்ளவர்களுக்குப் போட்ட பில்களை மட்டும், மாதத்துக்கு 50 லட்சம் வரை, அடுத்த மாதம் 1 முதல் 13ஆம் தேதிக்குள் ஏற்றிவிடலாம். விருப்பப்பட்டால் செய்யலாம், கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்பதாலேயே பலர் இதை எட்டிப் பார்ப்பதில்லை. மொத்த வியாபாரம் செய்பவர் இதைச் செய்யாவிட்டால், வாங்குபவர் வேறு கடைக்குப் போய்விடுவார்.

போர்ட்டல் சொல்லிக் கொடுக்காத இடம் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் இடம். அல்வாக் கடையைப் பாருங்கள். தானே அல்வா கிண்டி விற்பவருக்குக் காம்போசிஷன் திட்டம் கவர்ச்சியானது. விற்றுமுதல் 1.5 கோடி வரை மொத்த விற்பனையில் 1 விழுக்காடு, மூன்று மாதத்துக்கு ஒரு செலான், ஆண்டுக்கு ஒரு ரிட்டர்ன். ஆனால் இத்திட்டத்தில் இருப்பவர் வெளி மாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. திருவனந்தபுரத்துக்கோ பெங்களூருக்கோ கூரியரில் ஒரு கிலோ அல்வா பில் போட்டு அனுப்பினாலே தகுதி போயிற்று. நெல்லை அல்வாவுக்கு வெளியூர் ஆர்டர் வராத கடை எது? இதைப் பெட்டி போட்டு, கொட்டை எழுத்தில், தமிழில், திட்டத்தில் சேரும் பக்கத்திலேயே காட்டியிருக்க வேண்டும். அங்கே இருப்பது ஆங்கிலத்தில் ஓர் உறுதிமொழி, டிக் அடிக்க ஒரு கட்டம். வாங்குபவரிடம் வரி தனியாக வசூலிக்கக் கூடாது, பில்லின் தலைப்பிலும் கடைப் பலகையிலும் காம்போசிஷன் வியாபாரி என்று எழுத வேண்டும் என்பவையும் அப்படியே கண்ணில் படாமல் போகின்றன.

கருப்பட்டி இன்னொரு உதாரணம். ஓலைப்பெட்டியிலிருந்து எடுத்து நிறுத்துக் கொடுத்தால் வரி இல்லை. அதே கருப்பட்டியை அரைக் கிலோ பாக்கெட்டில் போட்டு லேபிள் ஒட்டினால் 5 விழுக்காடு. 2022 ஜூலை 18 முதல் இந்த நடைமுறை. உடன்குடியிலிருந்து வாங்கி இரண்டு விதமாகவும் விற்கும் கடைகளில் பில்லிங் மென்பொருளில் ‘கருப்பட்டி’ என்று ஒரே பெயர் இருக்கும், ஒரே வரி விகிதம் இருக்கும். இரண்டு பெயராகப் பிரித்து வைப்பதுதான் தீர்வு. போர்ட்டலில் எச்எஸ்என் (சரக்குக் குறியீடு) தேடும் வசதி இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அது குறியீட்டைச் சொல்லுமே தவிர, லேபிள் ஒட்டினால் என்ன ஆகும் என்று சொல்லாது.

உதவி எண் 1800-103-4786. கட்டணமில்லை, தமிழில் பேசலாம். ரிட்டர்ன் நடுவில் நின்றுவிட்டது, செலான் பணம் போய்விட்டது ஆனால் கணக்கில் ஏறவில்லை, ஓடிபி வரவில்லை போன்ற போர்ட்டல் கோளாறுகளுக்கு இது சரியான இடம். பேசுவதற்கு முன் திரையைப் படம் எடுத்து, பிழைச் செய்தியை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு, முடிவில் டிக்கெட் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். அந்த எண் இல்லாமல் மறுபடி கூப்பிட்டால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும். எந்தச் சரக்குக்கு எத்தனை விழுக்காடு, நோட்டீஸுக்கு என்ன பதில் எழுதுவது என்பது அவர்கள் வேலை இல்லை. அதைக் கேட்டு ஏமாற்றமடைய வேண்டாம்.

துறைக்கு நாம் மதிப்பெண் குறைத்ததற்கு முக்கியக் காரணம் நோட்டீஸ் அனுப்பும் முறை. காகித நோட்டீஸ் கடைக்கு வருமென்று எதிர்பார்க்க முடியாது. போர்ட்டலில் ஏற்றினாலே கொடுத்ததாகச் சட்டப்படி கணக்கு. ‘நோட்டீஸ்கள்’ என்று ஒரு பக்கமும் ‘கூடுதல் நோட்டீஸ்கள்’ என்று இன்னொரு பக்கமும் தனித்தனியாக இருந்ததால், முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று வெளியே வந்தவர்கள் ஏராளம். பதில் வராததால் ஒருதலைப்பட்சமாக வரி விதித்து உத்தரவு போட்டுவிடுவார்கள். இப்படிப்பட்ட உத்தரவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியிருக்கிறது. ஆனால் அதற்கு நெல்லைக்காரர் மதுரைக் கிளைவரை போய் ரிட் மனு போட வேண்டும், பல வழக்குகளில் வரியில் ஒரு பங்கை முன்கூட்டியே கட்டவும் வேண்டும். ரிட்டர்னில் வித்தியாசம் கேட்டு வரும் ஏஎஸ்எம்டி-10 நோட்டீஸுக்குப் பொதுவாக 30 நாள் அவகாசம். உத்தரவு வந்துவிட்டால் மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம், தகுந்த காரணம் காட்டினால் மேலும் ஒரு மாதம். ஒரு பதிவுத் தபால், அதுவும் தமிழில், அனுப்பியிருந்தால் இந்த வழக்குகளில் பாதி வந்திருக்காது.

வருமான வரிப் போர்ட்டல் இந்த விஷயத்தில் ஒரு படி மேல். முகப்பில் தமிழ் இருக்கிறது, படிவம் பெருமளவு முன்பே நிரப்பப்பட்டு வருகிறது. அங்கே பணம் மாட்டிக்கொள்வது ரீஃபண்டில். பாண்டியன் கிராம வங்கியும் பல்லவன் கிராம வங்கியும் 2019 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாடு கிராம வங்கியாக இணைந்ததுபோல் இணைப்பு நடந்த வங்கிகளில் கணக்கு வைத்திருப்பவர்கள், போர்ட்டலில் பழைய ஐஎஃப்எஸ்சி இருக்கிறதா என்று பார்த்து, கணக்கை மறுபடி சரிபார்ப்புக்கு அனுப்ப வேண்டும். ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி போன்ற ஒரு வழியில் உறுதி செய்ய வேண்டும். அதற்குப் பிறகு செய்தால் உறுதி செய்த நாளில்தான் போட்டதாகக் கணக்கு, செய்யாமலே விட்டால் போட்டது போடாத கணக்குதான்.

இனி, ஜிஎஸ்டி பதிவில் உள்ள எண்ணை உங்கள் எண்ணாக மாற்றும் வழி. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தெரிந்தால் வேலை சுலபம். உள்ளே போய், பதிவுத் திருத்தத்தில் ‘நான்-கோர்’ பகுதியைத் திறந்து, உரிமையாளர் விவரத்தில் செல்போனையும் மின்னஞ்சலையும் மாற்றி, இரண்டுக்கும் வரும் ஓடிபியைப் போட வேண்டும். இதற்கு அதிகாரி ஒப்புதல் தேவையில்லை. கடவுச்சொல்லும் தெரியாது, போட்டுக் கொடுத்தவரும் ஊரில் இல்லை என்றால் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். எந்த அலுவலகம் என்பதில்தான் முதல் அலைச்சல் வரும். சிலருக்கு மாநில வணிகவரித் துறை, சிலருக்கு மத்திய ஜிஎஸ்டி. உள்ளே நுழையாமலேயே போர்ட்டலின் ‘வரி செலுத்துபவரைத் தேடு’ பக்கத்தில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டால் இரண்டு சரகத்தின் பெயரும் வரும். பதிவுச் சான்றிதழில் எந்த அதிகாரி ஒப்புதல் தந்திருக்கிறார் என்று பார்த்தால் எங்கே போவது என்பது தெளிவாகும். பான், ஆதார், பதிவுச் சான்றிதழ், கடை ஆவணம் இவற்றின் நகலோடு ஒரு வேண்டுகோள் கடிதம் கொடுத்தால், அதிகாரி சரிபார்த்துப் புதிய எண்ணை ஏற்றுவார். புதிய மின்னஞ்சலுக்குப் பயனர் பெயரும் தற்காலிகக் கடவுச்சொல்லும் வரும். போர்ட்டலில் ‘முதல்முறை நுழைவு’ என்ற இணைப்பைச் சொடுக்கி அவற்றைப் போட்டுப் புதிய கடவுச்சொல் வைத்துக்கொள்ளலாம். நுழைந்ததும் முதல் வேலையாக நோட்டீஸ் பக்கங்களை ஒன்றுவிடாமல் திறந்து, தேதியைப் பாருங்கள்.